பெரியவனைத் தலைமுழுகி அறிவிப்பு போட்டால் சின்னவனை விடுவார்களா?

இரண்டு பிள்ளைக்காரி, ரங்கூன்
2022 ஜூன் 12

எல்லாருக்கும் வணக்கம். பேட்டைப் பெயர், பிள்ளைகள் பெயர், சிறையின் பெயர் எதையும் எழுத மாட்டேன். பர்மியில் எழுதப் பயமாக இருக்கிறது. தமிழில் எழுதினால் எங்கள் தெருவில் இருக்கிற தலான்களுக்கு, அதாவது ராணுவத்துக்குத் துப்புக் கொடுக்கிறவர்களுக்கு, படிக்கத் தெரியாது என்ற ஒரு தைரியம்தான். விபிஎன் விட்டுவிட்டு வருகிறது, கரண்டும் அப்படியே. பதில் போடத் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு இரண்டு பையன்கள். பெரியவனுக்கு 27, அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் வம்சத்தில் சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். போன வருஷம் பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சிடிஎம் என்கிற ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டான். மே மாதம் லட்சத்துக்கு மேல் ஆசிரியர்களை இடைநீக்கம் செய்தார்களே, அதில் அவனும் ஒருவன். செப்டம்பரில் ஒரு நாள் விடிவதற்கு முன்னால் ஒரே ஒரு பையோடு கிளம்பிவிட்டான். எங்கே என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெரியாத ஒன்றை யார் அடித்தாலும் சொல்ல முடியாதில்லையா, அதனால்தான் கேட்கவில்லை.

சின்னவனுக்கு 19. கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை. அவனுக்கும் அரசியலுக்கும் தொடர்பு என்றால், அந்தப் பிப்ரவரியில் ராத்திரி எட்டு மணிக்கு ஊரே பாத்திரம் தட்டியபோது இவனும் மாடியில் நின்று இட்லிக் குண்டானைத் தட்டினான். அவ்வளவுதான்.

இந்த ஜனவரியில் ஒரு ராத்திரி, மணி ஒன்று இருக்கும், கதவைத் தட்டினார்கள். விருந்தாளிப் பதிவு, அதாவது வீட்டில் ராத்திரி யார் தங்குகிறார்கள் என்று பார்க்க வந்தோம் என்றார்கள். நூறு வீட்டுத் தலைவர் (வார்டு நிர்வாகத்தின் ஆள்) முன்னால், சீருடைக்காரர்கள் பின்னால். கையில் எங்கள் குடும்பப் பட்டியலின் நகல். பெரியவன் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. எங்கே அவன் என்று கேட்டார்கள். தெரியாது என்றார் இவர். மூன்று முறை கேட்டார்கள். அப்புறம் ஒருவர், சத்தம்கூடப் போடாமல், "சரி, அவன் வருகிற வரைக்கும் இவன் எங்களோடு இருக்கட்டும்" என்றார். சின்னவன் கைலியோடு நின்றான். செருப்புப் போட்டுக்கொள்ள விடுங்கள் என்று கேட்டேன். விடவில்லை. அந்தச் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது, நான் நகர்த்தவில்லை.

அடுத்த 19 நாள் அவன் எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு காவல் நிலையமாகப் போனேன், எல்லா இடத்திலும் இங்கே இல்லை என்ற ஒரே பதில்தான். கடைசியில் மார்க்கெட்டில் ஒரு பர்மியப் பெண்மணிதான் சொல்லிக்கொடுத்தார்: "விசாரித்தால் சொல்ல மாட்டார்கள் அக்கா. ஒரு பார்சல் கட்டிக்கொண்டு சிறை வாசலுக்குப் போங்கள். வாங்கிக்கொண்டால் பிள்ளை உள்ளே இருக்கிறான், திருப்பிக் கொடுத்தால் அங்கே இல்லை." அப்படித்தான் போனேன். முதல் இடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை வந்து பார்சலை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த வாசலில் நான் ஓவென்று அழுதேன். பிள்ளை சிறையில் இருக்கிறான் என்று தெரிந்து சந்தோஷப்பட்டு அழுத தாய் நான்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. மார்ச்சில்தான் 505ஏ என்று வழக்குப் போட்டார்கள். ஜாமீன் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு வாய்தா, அதுவும் சிறைக்குள்ளேயே இருக்கிற கோர்ட்டில், நாங்கள் உள்ளே போக முடியாது. கொரோனாவைக் காட்டி நிறுத்திய மனுப் பார்ப்பது (சிறையில் போய்ப் பிள்ளையைச் சந்திப்பது) இன்னும் திறக்கவில்லை. வக்கீல் வாய்தா அன்று பத்து நிமிஷம் பார்க்கிறார். இளைத்திருக்கிறான், இருமல் இருக்கிறது என்கிறார். அதற்கு மேல் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்.

இனிமேல்தான் என் கேள்வி. போன வாரம் நூறு வீட்டுத் தலைவர் வந்து டீ குடித்துவிட்டு நல்லவர் மாதிரி ஒரு யோசனை சொன்னார். பெரியவனுக்கும் எங்களுக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அரசுப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு போட்டுவிட்டால் வீட்டுக்குச் சீல் வைக்க மாட்டார்களாம், சின்னவன் வழக்கும் லேசாகுமாம். மாதக் கடைசிக்குள் செய்தால் நல்லது என்றார். அரசுப் பத்திரிகைகளான கண்ணாடியிலும் மியன்மா அலினிலும் தினமும் ஆறேழு பேர் போடுகிறார்கள், நானும் பார்க்கிறேன். இரங்கல் விளம்பரம் மாதிரியே சின்னப் பெட்டி, உள்ளே உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயர்.

இவர் போட்டுவிடலாம் என்கிறார். இவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 1964இல் இவருடைய அப்பா கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, கையிலிருந்த ஐம்பது, நூறு சாட் நோட்டும் ஒரே நாளில் செல்லாது என்றானபோது, கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் கப்பலேறிவிட்டார்கள். இவர்கள் குடும்பம் மட்டும் தங்கிவிட்டது. இவர் கையில் இருப்பது இன்னமும் பச்சை அட்டைதான், முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. மார்ச்சில் சிலருடைய குடியுரிமையை ரத்து செய்தார்கள் என்று படித்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. "அவர்களுக்கே அப்படி என்றால் காலாக்களுக்கு என்ன?" என்கிறார். இந்திய வம்சத்தவர்களை இங்கே அப்படித்தான் இழிவாகக் கூப்பிடுகிறார்கள்.

இவர் எழுதி வைத்திருக்கிற காகிதம் என் முன்னால் இருக்கிறது. பெற்றோர் சொல் கேட்காமல் தீவிரவாதிகளோடு சேர்ந்து போனதால் இன்று முதல் மகன் அல்ல என்று எழுதியிருக்கிறார். பர்மியில் அதை வாரிசு வெட்டுவது என்கிறார்கள். நம் பாஷையில் தலைமுழுகுவது. செத்தவர்களுக்குத்தானே தலைமுழுகுவோம்? முந்தாநாள் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்தவள், அந்த நினைப்பு வந்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

யாராவது இதைப் போட்டிருக்கிறீர்களா? போட்டதால் உள்ளே இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது நடந்ததா? வெளியே இருக்கிறவனுக்கு இதனால் கெடுதல் வருமா? தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம், தகவல்தான் வேண்டும்.


மோல்மீன்காரன்
2022 ஜூன் 13

அக்கா, நான் போட்டவன். ஜனவரியில், என் மகளுக்கு. அவள் நர்ஸ், சிடிஎம்.

போடச் சொன்னதே அவள்தான். யாரோ ஒருவருடைய போனிலிருந்து ஒரே ஒரு நிமிஷம் பேசினாள். "அப்பா, எல்லாரும் போடுகிறார்கள், நீங்களும் போடுங்கள், தம்பி படிக்கணும்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். இப்படிப் பிள்ளைகளே சொல்லிப் போட்ட குடும்பங்கள் நிறைய. அதனால் அந்தப் பெட்டிகளைப் பார்த்துப் பெற்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நவம்பரிலிருந்து மூன்று மாதத்தில் சுமார் 570 அறிவிப்பு வந்ததாக ராய்ட்டர்ஸ் எண்ணிப் போட்டிருந்தது. எதிர்ப்பாளர்களின் சொத்தைப் பறிமுதல் செய்வோம் என்று நவம்பரில் ராணுவம் அறிவித்த பிறகுதான் இந்த வெள்ளம் வந்தது.

பலன் கேட்டீர்கள். வார்டிலிருந்து வருவது இரண்டு மாதம் நின்றது. அதற்கப்புறம் பழையபடி வந்தார்கள். அறிவிப்பு வந்த பத்திரிகையை எடுத்து நீட்டினேன். ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, "இது இருக்கட்டும், அவளிடமிருந்து பணம் வருகிறதா, நீங்கள் அனுப்புகிறீர்களா, அதைச் சொல்லு" என்றார். ராணுவத்தின் பேச்சாளர் சோ மின் துன் நவம்பரிலேயே நிருபர்களிடம் சொல்லிவிட்டார், அறிவிப்பு போட்டிருந்தாலும் எதிர்ப்புக்கு உதவுவது தெரிந்தால் வழக்கு உண்டு என்று. நான் அதைப் பிற்பாடுதான் படித்தேன். முன்னால் படித்திருந்தாலும் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு மாதம் என் பையன் நிம்மதியாகத் தூங்கினான், பரீட்சைக்கும் படித்தான். எனக்கு அது பெரிசு.

உங்கள் நிலைமை வேறு. உங்களுக்கு ஒரு பிள்ளை உள்ளேயே இருக்கிறான். அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விளம்பரக் கவுண்டரில் நின்று பணம் கட்டும்போது என் கை நடுங்கியது, அந்தப் பெண் பிள்ளை பேனாவை வாங்கி அவளே எழுதினாள். நீங்கள் போவதாக இருந்தால் தனியாகப் போகாதீர்கள்.


வக்காலத்து
2022 ஜூன் 13

அம்மா, நான் வக்கீல் இல்லை. ஒரு வக்கீலிடம் பத்து வருஷத்துக்கும் மேல் குமாஸ்தாவாக இருந்தவன். அந்த வக்கீல் இப்போது நாட்டில் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சின்னவன் வழக்கு. 505ஏ என்பது 2021 பிப்ரவரி 14 அன்று தண்டனைச் சட்டத்தில் புதிதாகச் சேர்த்தது. பயத்தை உண்டாக்குவது, பொய்ச் செய்தி பரப்புவது என்று எதை வேண்டுமானாலும் அடக்கலாம். மூன்று வருஷம் வரை தண்டனை. கையோடு நடைமுறைச் சட்டத்தையும் திருத்தினார்கள்: வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், ஜாமீன் கிடையாது. அதற்கு முந்தைய நாள், 24 மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வைத்திருக்கக் கோர்ட் உத்தரவு வேண்டும் என்கிற பாதுகாப்பையும் நிறுத்தி வைத்தார்கள். ராத்திரித் தங்கலைப் பதிவு செய்யும் சட்டம் 2016இல் போயிருந்தது, அதே நாளில் அதையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியதும் 19 நாள் பிள்ளையைக் காட்டாததும் அந்த இரண்டு நாள் வேலையிலிருந்து வந்தவை. நீங்கள் எங்கேயோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக் குமையாதீர்கள்.

அறிவிப்பு போடுவது அந்த வழக்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. அண்ணனைப் பெற்றோர் வெட்டிவிட்டார்கள் என்பது தம்பியின் குற்றப்பத்திரிகைக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். நூறு வீட்டுத் தலைவருக்கு வழக்கை லேசாக்கும் அதிகாரமும் இல்லை. மேலே ஒரு கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது அவருக்கு.

சொத்து விஷயம். தலைமறைவானவருடைய சொத்தை முடக்குவதற்கு 1898ஆம் வருஷ நடைமுறைச் சட்டத்திலேயே 87, 88 பிரிவுகள் உண்டு. ஆனால் அது அந்த ஆளுக்குச் சொந்தமான சொத்துக்கு மட்டும். வீடு உங்கள் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் சட்டப்படி தொட முடியாது. நடப்பில் தொடுகிறார்கள், அப்பா பெயரில் இருந்த வீடுகளுக்கும் சீல் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் வைக்காதீர்கள்.

பத்திரிகையில் வெட்டியதால் மட்டும் சட்டத்தில் மகன் என்ற உறவு அறுந்துவிடாது. நம்மவர்களுக்கு வாரிசு விஷயத்தில் இந்த நாட்டில் இன்னமும் இந்துச் சட்டம்தான். அந்தப் பெட்டி வெறும் காகிதம். அந்த விதத்தில் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது அதில் என்ன எழுதுகிறீர்கள் என்பதற்குத்தான். தீவிரவாதிகளோடு சேர்ந்தான் என்று ஐயா எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அம்மா, தயவு செய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். அது பெற்ற தகப்பனே கொடுக்கிற சாட்சியம். பெரியவன் எங்கே போனான், யாரோடு போனான் என்று உங்களுக்குத் தெரியும் என்று ஆகிவிடும். நாளைக்கு, தெரிந்தும் ஏன் வந்து சொல்லவில்லை என்று உங்களையே உட்கார வைப்பார்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு வரி போதும்: இவருடைய கொடுக்கல் வாங்கல், நடவடிக்கை எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல. தேதி, இடம், காரணம் எதுவும் வேண்டாம்.

ஒரு நல்ல தகவலும் சொல்கிறேன். போன அக்டோபரில் தடிஞ்சுட் விளக்குத் திருவிழாவை ஒட்டி 5,636 பேரை விடுவதாக அறிவித்தார்கள். அதில் 4,320 பேர் தீர்ப்பு வராமல் வழக்கு நடந்துகொண்டிருந்தவர்கள், சின்னவன் மாதிரி. கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களைத் திரும்பவும் பிடித்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. வாய்தா தவறாமல் வக்கீல் போகிறாரா என்று பாருங்கள். வக்கீல்களையே பிடிக்கிற காலம் இது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கோபம் வந்தாலும் அவரிடம் காட்டாதீர்கள்.


இரண்டு பிள்ளைக்காரி, ரங்கூன்
2022 ஜூன் 14

தம்பி, அந்த வரியை இவரிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பேனா எடுத்து அவரே அடித்தார். பத்திரத்தை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். மோல்மீன் தம்பி, உங்கள் மகள் நன்றாக இருக்கட்டும்.


தட்டோன் மகள்
2022 ஜூன் 14

அக்கா, என் வீட்டுக்காரர் பத்து மாதமாக உள்ளே இருக்கிறார், இன்னும் தீர்ப்பில்லை. அவரைத் தேடி வந்தபோது முதலில் கிடைக்கவில்லை. அவருடைய அம்மாவையும் தங்கையையும் கொண்டு போனார்கள். மாமியாருக்குச் சர்க்கரை. மூன்றாம் நாள் இவராகவே போய் நின்றார். அதனால் உங்கள் சின்னவன் நிலைமை எனக்குப் புரிகிறது. மோகோக்கில் தகப்பன் கிடைக்கவில்லை என்று தாயையும் இரண்டு பெண் குழந்தைகளையும் போன வருஷம் பிடித்து வைத்தார்கள், இளையதற்கு நாலு வயது. இதைப் படித்தபோது என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

எங்களையும் அறிவிப்பு போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. வீரத்தினால் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பர்மியக் குடும்பம் போட்டது. அவர்கள் பையன் உள்ளே இருக்கும்போது விசாரணைக்காரர்கள் அந்தப் பத்திரிகையையே கொண்டு போய் அவன் முன்னால் விரித்து வைத்தார்களாம். உன்னை வீட்டிலேயே கழித்துவிட்டார்கள், இனி யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று. வெளியே வந்த பிறகு அவனே என்னிடம் சொன்னான். அடித்ததை மறந்துவிடலாம் அக்கா, அந்தக் காகிதத்தைப் பார்த்த ராத்திரியை மறக்க முடியவில்லை என்றான்.

போடுவதாக இருந்தால் சின்னவனுக்கு அதற்கு முன்னாலேயே தெரிய வேண்டும், உங்களிடமிருந்து தெரிய வேண்டும். வக்கீல் வழியாகச் சொல்லுங்கள். அவர் சொல்லத் தயங்கினால் பார்சல்தான் வழி. கடிதம் போகாது, பிரித்துப் படிப்பார்கள். ஆனால் சாப்பாடு பேசும். நான் மகளுக்குக் காய்ச்சல் விட்டதைச் சொல்ல அவள் விரும்பித் தின்கிற வேர்க்கடலை உருண்டையை வைத்து அனுப்புவேன். அவருக்குப் புரியும்.

பார்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அம்மாக்கள் அதிகமாக வைத்து ஏமாந்து போகிறார்கள். குழம்பு வைக்காதீர்கள், வாசலிலேயே ஊசிப்போகும். பலாச்சாங் (காய்ந்த இறால் தொக்கு) நல்லா வறுத்து, எண்ணெய் வடித்து, பிளாஸ்டிக் டப்பாவில். பருப்புப் பொடி நல்லது, கெட்டியான சோற்றுக்கும் இறங்கும். கண்ணாடி, தகரம் கூடாது. காபி மிக்ஸ் பொட்டலம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வையுங்கள், குடிப்பதற்கு மட்டும் இல்லை. உள்ளே அதுதான் பணம். படுக்க நல்ல இடம், குளிக்க இன்னும் ரெண்டு குவளை தண்ணீர், எல்லாவற்றுக்கும் காபி மிக்ஸ்தான். இருமலுக்கு மருந்து அனுப்புவதானால் டாக்டர் சீட்டை மேலேயே ஒட்டுங்கள். டப்பாவின் அடியில் எதையும் ஒளிக்காதீர்கள், பிடிபட்டால் அவனுக்குத்தான் அடி.

அப்புறம், பார்சல் வரிசையில் நிற்கிற பெண்களோடு பேசுங்கள். வீட்டுக்கு வரப் பயப்படுகிற சொந்தக்காரர்களைவிட அந்த வரிசைதான் எனக்குச் சொந்தமாக இருக்கிறது. போன மாதம் எனக்கு வாசலில் மயக்கம் வந்தபோது கரேன் பெண் ஒருத்தி தன் பார்சலுக்கு வைத்திருந்த சர்க்கரையைப் பிரித்து என் வாயில் போட்டாள்.


பெகு பெரியவர்
2022 ஜூன் 16

அம்மா, எனக்கு 71 வயது. தட்டெழுத்து மெதுவாகத்தான் வரும்.

என் தமையனை 1989இல் பிடித்தார்கள். அப்போது 1975ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது, நாட்டுக்கு ஆபத்தானவர் என்று சொல்லிவிட்டால் வழக்கே இல்லாமல் வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆங் சான் சூ சியை வீட்டுக்குள் அடைத்ததும் அதே சட்டம்தான். அன்றைக்கும் இதே அறிவிப்புப் பழக்கம் உண்டு. அப்பாவுக்கு அரிசி மண்டி. லைசென்ஸ் போய்விடும் என்று மிரட்டினார்கள். அப்பா போட்டார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மண்டி பிழைத்தது.

மூன்றாம் வருஷம் அப்பா இறந்தார். கொள்ளி நான் வைத்தேன், அண்ணன் உள்ளே இருந்தானே. ஏழு மாதம் கழித்து அவன் வந்தான். தலைத்திவசத்தில் உட்காரப் போனவனை எங்கள் பெரியப்பா தடுத்தார். "வெட்டியாச்சு என்று உன் அப்பனே பத்திரிகையில் போட்டிருக்கான். நீ எப்படிப் பிண்டம் வைக்கலாம்?" என்று கேட்டார். அந்தக் காகிதம் அரசாங்கத்துக்காகப் போட்டது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் அச்சில் வந்துவிட்டதே. மண்டியில் பங்கு கேட்டுவிடுவானோ என்ற பயமும் அவருக்கு இருந்திருக்கும். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் போய் நின்றான். நான் எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து என் மணையில் உட்கார வைத்தேன். அதைச் செய்தேன் என்பது இன்றைக்கு எனக்கு இருக்கிற ஒரு திருப்தி. ஆனால் அப்பாவே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் அவன் அந்தக் கிணற்றடியில் நின்றிருக்க வேண்டாம்.

அதனால் சொல்கிறேன். போடுவது உங்கள் இஷ்டம், போட்டாலும் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் போடுகிறதற்கு முன்னால் உங்கள் பங்காளிகளில் மூத்தவரையும் கோயில் பெரியவர் ஒருவரையும் கூப்பிட்டு, இது வெறும் காகிதம், எங்கள் மூத்த மகன் எங்கள் மூத்த மகன்தான் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எழுதி வைக்க வேண்டாம், எழுதினால் வம்பு. இரண்டு பேர் காதில் விழுந்தால் போதும்.

இன்னொன்று. இப்போது இங்கே பலர்மேல் போடுகிற 124ஏ இருக்கிறதே, அது வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. 1908இல் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தண்டனை கொடுத்ததும் அதே எண்தான். அதே வருஷம் திலகரை அந்த எண்ணில் பிடித்து நம்முடைய மாண்டலே சிறைக்குத்தான் அனுப்பினார்கள். வ.உ.சி. செக்கிழுத்ததை எல்லாரும் சொல்கிறோம். அந்தத் தீர்ப்பைக் கேட்டதும் அவருடைய தம்பிக்குப் புத்தி பேதலித்துப் போனதை யாரும் சொல்வதில்லை. அந்தத் தம்பி மேல் எந்தச் சட்டப் பிரிவும் இல்லை, அவரை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவில்லை. உங்கள் சின்னவனைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு அந்தத் தம்பி ஞாபகமாகவே இருக்கிறது. வெளியே வந்ததும் அவனைப் பேச விடுங்கள் அம்மா. என் அண்ணனை நாங்கள் பேச விடவில்லை, மறந்துவிடு மறந்துவிடு என்றே சொன்னோம்.


இரண்டு பிள்ளைக்காரி, ரங்கூன்
2022 ஆகஸ்ட் 9

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். எல்லாருடைய பதிலையும் ஒரு முறை இல்லை, பல முறை படித்தேன். பெரியவர் எழுதியதை இவருக்கு வாய்விட்டுப் படித்தேன். கிணற்றடி வந்த இடத்தில் இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

போட்டோம். ஜூலை நடுவில், வக்காலத்துத் தம்பி சொன்ன இரண்டு வரி மட்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இவருடைய சித்தப்பாவையும் கோயிலில் தேவாரம் பாடுகிற பெரியவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டோம். இலை எடுத்த பிறகு இவர் எழுந்து நின்று சொன்னார். சித்தப்பா, "இதைச் சொல்லவா கூப்பிட்டாய், எங்களுக்குத் தெரியாதா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறிவிப்பு வந்த அன்று நான் தலைக்குக் குளிக்கவில்லை. ஒரு வாரம் குளிக்கவில்லை.

நம் பெட்டி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஜூலை 25 அன்று அதே பத்திரிகையில் நாலு பேரைத் தூக்கில் போட்டுவிட்டதாகச் செய்தி. முன்னாள் எம்.பி. ஃபியோ சேயா தோ, பழைய மாணவர் போராட்டத் தலைவர் கோ ஜிம்மி, இன்னும் இரண்டு பேர். மூன்று நாள் முன்னால்தான் வீட்டாரை வீடியோவில் பேச விட்டிருக்கிறார்கள், கடைசிப் பேச்சு என்று அவர்களிடம் சொல்லவில்லை. உடலைக்கூடக் கொடுக்கவில்லை. அன்று பார்சல் வரிசையில் யாரும் யாரோடும் பேசவில்லை. தட்டோன் தங்கச்சி, நீ சொன்ன மாதிரி அந்த வரிசைதான் சொந்தம். முன்னால் நின்றவள் பின்னால் கையை நீட்டினாள், நான் பிடித்துக்கொண்டேன், அப்படியே ஜன்னல் வரைக்கும் போனோம்.

கேட்டதற்குப் பதிலும் சொல்ல வேண்டும், பின்னால் படிக்கிறவர்களுக்கு உதவும். நூறு வீட்டுத் தலைவர் மூன்று வாரமாக வரவில்லை. வீட்டுக்குச் சீல் வைக்கவில்லை. சின்னவன் வழக்கு ஒரு அங்குலமும் நகரவில்லை. வாய்தா அதே இரண்டு வாரம், சாட்சி வரவில்லை என்று தள்ளிவைக்கிறார்கள்.

அவனுக்கு முன்கூட்டியே சொல்ல வக்கீலுக்கு வாய் வரவில்லை. அதனால் பெரியவனுக்கு உயிரான பொரிவிளங்காய் உருண்டை பன்னிரண்டு பிடித்து, அறிவிப்பு வருவதற்கு முந்தின பார்சலில் வைத்தேன். சின்னவனுக்குச் சின்ன வயசிலிருந்தே அது ஆகாது, கல்லு என்பான், அண்ணன் தட்டில் தள்ளிவிடுவான். ஜன்னலில் இருந்தவர் எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். புரியுமோ புரியாதோ என்று இரண்டு வாரம் தவித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பார்சல் வாங்கிக்கொண்ட சீட்டு திரும்பி வந்தது. பர்மியில்தான் எழுத விடுவார்கள். பலாச்சாங், சோப்பு, காபி மிக்ஸ், மருந்து என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: அம்மா, அந்த உருண்டை இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

பாசிப்பருப்பு வறுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு மாவரைக்கும் நேரத்துக்குக் கரண்ட் இருக்க வேண்டும்.